குப்பைக் கார்த்திகை: குப்பைமேட்டுக்கு ஏன் விளக்கு?

நாலாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். இப்போது கோயம்புத்தூரில் எங்களோடு இருக்கிறார். திருக்கார்த்திகைக்கு மறுநாளை அவர் ‘குப்பைக் கார்த்திகை’ என்பார். அன்று சாயங்காலம் கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டில் ஒரு அகல் ஏற்றி வைப்பார்கள். சின்ன வயதில் நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். காற்றில் அணையாமல் இருக்க ஒரு பக்கம் பூசணி இலையை மறைப்பாகச் செருகுவோம்.

போன வருஷம் திருக்கார்த்திகைக்கு மறுநாள் அம்மா கேட்டார்: “குப்பைக்கு விளக்கு வெச்சியாடி?” நாங்கள் இருப்பது நான்காவது மாடி. இங்கே குப்பை என்றால் கீழே வரிசையாக நிற்கும் பச்சை, நீலத் தொட்டிகள்தான். நான் சிரித்துவிட்டேன். அம்மா முகம் வாடிவிட்டது. அது இன்னும் என்னை உறுத்துகிறது. ஏழாவது படிக்கும் மகள் கேட்ட கேள்வி அதைவிடப் பெரியது: “சாமிக்கு விளக்கு சரி, குப்பைக்கு எதுக்கும்மா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணாமலையார் கதை தெரியும், முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள் கதை தெரியும். இந்தக் குப்பை மட்டும் எதிலும் சேரவில்லை. உங்கள் வீடுகளில் இந்த வழக்கம் உண்டா? என்ன காரணம் சொல்வார்கள்?

மணிச்சத்தம் எழுதியது:

27 நட்சத்திரத்துக்கு 27 விளக்கு ஏற்ற வேண்டும். வாசல், பூஜையறை, சமையலறை, பின்கட்டு என்று இடக்கணக்கு உண்டு. குப்பைக்கும் அதில் ஒன்று. பெரியவர்கள் வகுத்த முறை, அப்படியே செய்துவிடுங்கள் சகோதரி.

ஏரிக்கரை எழுதியது:

தங்கச்சி, நான் செங்கம் பக்கம். அஞ்சு ஏக்கர் மானாவாரி, ரெண்டு மாடு. உங்க பொண்ணு கேட்டதுக்கு என்னால பதில் சொல்ல முடியும்.

உங்களுக்குக் குப்பைன்னா வேண்டாம்னு தூக்கிப் போடுறது. எங்களுக்கு அப்படி இல்ல. சாணி, மாட்டு மூத்திரத்துல ஊறின வைக்கோல், அடுப்புச் சாம்பல், உதிர்ந்த இலை தழை எல்லாம் ஒரு வருஷம் மக்கிக் கெடக்குற இடம்தான் குப்பைமேடு. கோடையில அதை வெட்டி வண்டியில ஏத்தி நிலத்துல கொட்டுறதுக்கு ‘குப்பை அடிக்கிறது’ன்னு பேரு. எங்க அப்பா காலத்துல பொண்ணு கொடுக்க வர்றவங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கொல்லையில குப்பை எவ்வளவு ஒசரம்னு பாப்பாங்களாம். குப்பை பெருசா இருந்தா மாடு நெறைய இருக்கு, மாடு இருந்தா வெள்ளாமை இருக்கு. அடுத்த வருஷச் சோறு அங்கதான் கெடக்கு. அதுக்கு ஒரு விளக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கிறது?

நாங்க அன்னைக்கு மாட்டுக்கொட்டாய், கெணத்து மேடு, களம், நெல் இருந்தா பத்தாயம் எல்லாத்துக்கும் வைப்போம். உழைச்சுக் கொடுக்குற எதையும் விடறதில்ல.

பழஞ்சுவடி எழுதியது:

ஏரிக்கரை ஐயா சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘குப்பை’ என்ற சொல்லுக்குப் பழைய பொருளே குவியல்தான். நெற்குப்பை என்றால் நெல் குவியல், இழிவு எதுவும் இல்லை. கழித்துப் போட்டது என்ற பொருள் மட்டும் நம்மிடம் தங்கி, மற்றது போய்விட்டது. உழவு அதிகாரத்தில் வள்ளுவர் “ஏரினும் நன்றால் எருவிடுதல்” என்கிறார். உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று சொன்ன ஊரில், எருக்குவியலுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் விளக்கு வைப்பது இயல்பாகத்தானே வரும்.

இன்னொன்று, இந்த விழா எந்தப் பருவத்தில் வருகிறது என்று பாருங்கள். அகநானூற்று 141-ஆம் பாட்டு நக்கீரர் பாடியது. பிரிந்துபோன தலைவன் கார்த்திகை விழாவுக்காவது வந்து சேரமாட்டானா என்று தலைவி தோழியிடம் ஏங்குகிறாள். அங்கே விழா நாளின் அடையாளம் இப்படி வருகிறது: “உலகுதொழில் உலந்து நாஞ்சில் துஞ்சி”, அதாவது உலகத்தார் வேலை ஓய்ந்தது, கலப்பை தூங்குகிறது. மழை நின்ற வானத்தில் முழுநிலா கார்த்திகை நட்சத்திரத்தின் ஆறு மீன்களோடு சேர்கிறது. அந்த நள்ளிரவில் “மறுகு விளக்குறுத்து மாலை தூக்கி”, ஊரே கூடிக் கொண்டாடுகிறது. மறுகு என்றால் தெரு. விளக்கு பூஜையறையில் இல்லை, தெருவில் இருக்கிறது. கலப்பை தூங்கும் நாளில் விளக்கேற்றும் விழாவில் குப்பைமேட்டுக்கு இடம் இல்லாமல் போகுமா?

புதுத்திரி எழுதியது:

ஐயா, அப்படியானால் நேராகவே கேட்கிறேன். அந்தப் பாட்டில் சிவன் இல்லை, அடிமுடி தேடிய கதை இல்லை, முருகனும் இல்லை. உழவர்கள் பருவம் பார்த்துக் கொண்டாடிய விழா இது. பின்னால் வந்த புராணங்கள் அதை எடுத்துக்கொண்டன. பிள்ளைகளுக்கு இந்த உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாமே? ஒளித்தூணாக நின்ற சிவன், முடி தேடி அன்னமான பிரமன், அடி தேடிப் பன்றியான திருமால், பொய் சொன்ன தாழம்பூ என்றெல்லாம் எதற்குச் சொல்லவேண்டும்? கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மணிச்சத்தம் எழுதியது:

இப்படிப் பேசிப் பேசித்தான் எல்லாம் போகிறது. நம்பிக்கை இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

மணி அண்ணே, தம்பி கேக்கட்டும். கேக்குறதால ஒண்ணும் போயிடாது.

தம்பி, எங்க வீட்டு மொட்டைமாடியில நின்னா திருவண்ணாமலை மலை தெரியும். 2,668 அடி. கார்த்திகை அன்னைக்கு அஞ்சரை மணிக்கெல்லாம் ஊரே மாடியிலயும் ஏரிக்கரையிலயும் நிக்கும். பொம்பளைங்க கையில ஏத்தாத அகலோட நிப்பாங்க. மலை மேல தீபம் தெரியாம எங்க பக்கம் யாரும் வீட்டுல விளக்கு ஏத்த மாட்டோம். கோயில்ல அந்த நேரத்துல அர்த்தநாரீஸ்வரர் வெளிய வருவாரு. வருஷத்துல அந்த ஒரு நாள்தான், அதுவும் ரெண்டு மூணு நிமிஷந்தான். கீழ அவரு வந்ததும் மேல கொப்பரையில நெருப்பு வைப்பாங்க. காலங்காலமா பர்வதராஜகுலத்தைச் சேர்ந்தவங்கதான் அந்தத் தீபத்தை ஏத்துறாங்க. அந்தப் பொட்டு வெளிச்சம் தெரிஞ்ச உடனே இங்க அத்தனை அகலும் எரிய ஆரம்பிக்கும். பக்கத்து ஊரு, அதுக்கடுத்த ஊருன்னு இருட்டுல வெளிச்சம் ஓடுறத நான் பாத்திருக்கேன்.

2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழையில அந்த மலைச்சரிவுல மண்ணு சரிஞ்சு ஏழு பேரு செத்தாங்க. அதுல பாதிக்கு மேல புள்ளைங்க. ரெண்டு வாரம்கூட ஆகல, 13-ஆம் தேதி தீபம். பக்தர்களை மலையேற விடல. கொப்பரை போச்சு, நெய் போச்சு, ஏத்துறவங்க போனாங்க. தீபம் எரிஞ்சுது. நாங்க மாடியில நின்னு அழுதோம். அந்த நெருப்புக்குள்ள யாரும் இல்லன்னு யாராவது சொன்னா நான் சண்டை போட மாட்டேன். எனக்கு அங்க அண்ணாமலையார் இருக்காரு. குப்பைக்கு வைக்கிற விளக்குலயும் அவருதான் இருக்காரு. எனக்கு ரெண்டும் வேற வேற இல்ல.

பழஞ்சுவடி எழுதியது:

புதுத்திரி, நீங்கள் கேட்டது நியாயம். அகநானூற்றுப் பாட்டில் அந்தக் கதை இல்லை என்பது உண்மை. ஆனால் “எடுத்துக்கொண்டன” என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. கார்த்திகை நட்சத்திரத்துக்கு வேதமரபில் தேவதை அக்கினி. நெருப்போடு அந்த மீனுக்கு இருக்கும் உறவு மிகப் பழையது. ஐம்பூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது அண்ணாமலை. கிருத யுகத்தில் நெருப்பாக நின்றதே கலியுகத்தில் கல்மலையாகக் குளிர்ந்து நிற்கிறது என்பது தலபுராணம். மழை ஓய்ந்ததும் விளக்கேற்றிய மக்களும், அடிமுடி இல்லாத ஒளியைத் தேடிய பக்தர்களும் இரண்டு வேறு கூட்டம் இல்லை. தாத்தா ஏற்றிய விளக்கில் பேரன் வேறு ஒன்றையும் பார்த்தான், அவ்வளவுதான். சிவன் கோயிலில் கருவறையைச் சுற்றி வரும்போது பின்சுவரில் லிங்கோத்பவர், அதாவது ஒளித்தூணில் தோன்றும் சிவன், இருப்பார். தூணின் மேலே அன்னம், கீழே பன்றி. மகளைக் கூட்டிப்போய் அதைக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

நற்றிணையிலும் ஒரு வரி உண்டு. கோங்க மரங்கள் வரிசையாகப் பூத்திருப்பதை, “அறுமீன் கெழீஇய அறஞ்செய் திங்கள்” என்று கார்த்திகை மாதத்தைச் சொல்லி, அதில் ஏற்றிய விளக்கு வரிசைக்கு ஒப்பிடுகிறார் புலவர். அறம் செய்யும் மாதம். எனக்கு மிகப் பிடித்த பெயர் இது.

வளவு எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது வேற நாட்டில. இந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

நாங்கள் இதுக்குக் கார்த்திகைத் தீபம் எண்டு சொல்லுறது குறைவு. எங்கட ஆக்கள் ‘விளக்கீடு’ எண்டுதான் சொல்லுவினம். “விளக்கீட்டுக்கு வருவியோ?” எண்டு கேப்பினம். கலண்டரில குமாராலய தீபம், சர்வாலய தீபம் எண்டு தனித்தனியாப் போட்டிருக்கும். வீட்டு வாசலில வாழைக்குத்தி நட்டு, அதுக்கு மேல பாதித் தேங்காய் வைச்சு எண்ணெய் விட்டு எரிப்பம். பிறகு தடியில துணி சுத்தி எண்ணெயில தோய்ச்சுச் சின்னச் சின்னப் பந்தம் செய்து வளவு முழுக்கக் குத்துவம். படலை, கிணத்தடி, மாட்டுக்கொட்டில், மாமரத்தடி, தோட்டம். அம்மம்மா பந்தத்தைத் தந்து “இருட்டா இருக்கிற இடமாப் பாத்துக் குத்து பிள்ளை” எண்டுவா. அவவுக்கு வேற விளக்கம் ஒண்டும் தெரியாது.

இடம்பெயர்ந்து இருந்த ஒரு வருசம் எங்களுக்குச் சொந்த வளவு இல்லை. தங்கியிருந்த இடத்தில ஒரு சிரட்டையில எண்ணெய் விட்டுப் பொதுக் கிணத்தடியில வைச்சா. “எங்கட கிணறு இல்லைத்தான், தண்ணி அள்ளுறம் தானே” எண்டு சொன்னவ. நாலாம்மாடி அக்கா, உங்கட அம்மா கேட்டதும் அதுதான் எண்டு நினைக்கிறன்.

பழஞ்சுவடி எழுதியது:

வளவு அம்மா, ‘விளக்கீடு’ எத்தனை பழைய சொல் தெரியுமா! ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் இருக்கிறது. பாம்பு தீண்டி இறந்துபோன பெண், குடத்தில் எலும்பும் சாம்பலுமாக இருக்கிறாள். அவளை அழைத்து, ஊரில் இத்தனை விழா நடக்கிறதே, ஒன்றையும் பார்க்காமல் போகிறாயா என்று வரிசையாகக் கேட்கிறார். ஓணம், ஆதிரை, பூசம், உத்திரம். கார்த்திகைக்கு அவர் கேட்பது “தொல்கார்த்திகை நாள்” பெண்கள் கொண்டாடும் “விளக்கீடு காணாதே போதியோ பூம்பாவாய்”. அவர் காலத்திலேயே அது ‘தொல்’ கார்த்திகை, பழைய கார்த்திகை. மயிலாப்பூரில் இன்று அந்தச் சொல்லைப் பேச்சில் நான் கேட்டதில்லை. உங்கள் அம்மம்மா வாயில் இருந்திருக்கிறது.

இறந்த பெண்ணைத் திரும்ப அழைக்க அவர் சொன்னது விழாக்களின் பெயர்களைத்தான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

அரங்கத்துத் தெரு எழுதியது:

வைணவர் வீடுகளிலிருந்து யாரும் பேசவில்லையே என்று வந்தேன். பஞ்சாங்கத்தில் ‘பாஞ்சராத்திர தீபம்’ என்று தனியாகப் போட்டிருப்பார்கள். பெருமாள் கோயில்களில் பெரும்பாலும் அதுதான். சில ஆண்டு சிவன் கோயில் தீபமும் அதுவும் ஒரே நாளில் அமையும், சில ஆண்டு மறுநாள் வரும். அடியேன் பார்த்து வளர்ந்தது திருவரங்கம். கார்த்திகை கோபுர வாசலில் பனையோலை சுற்றிக் கட்டிய சொக்கப்பனை கொளுத்துவார்கள், உற்சவரான நம்பெருமாள் எழுந்தருளிக் கண்டருள்வார். அன்று இரவே, மார்கழி அத்யயன உற்சவத்துக்கு வரச்சொல்லி நம்மாழ்வாருக்குப் பெருமாள் அனுப்பும் ஸ்ரீமுகப் பட்டயம் வாசிக்கப்படும். திருமங்கையாழ்வார் அவதரித்தது கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நட்சத்திரத்தில், திருப்பாணாழ்வார் அடுத்த நட்சத்திரமான ரோகிணியில். எங்களுக்கு இது ஆழ்வார்கள் பிறந்த நாளும்கூட.

எங்கள் பாட்டி குப்பைக்கு விளக்கு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் “அங்கேயும் லக்ஷ்மி இருக்காடா” என்பார்.

கருப்பட்டிக்காரன் எழுதியது:

எல்லாரும் விளக்கைப் பத்திச் சொல்லியாச்சு. பனையைப் பத்தி ஒருத்தரும் பேசலையே! நான் தூத்துக்குடி மாவட்டம், உடன்குடிப் பக்கம்.

யோசிச்சுப் பாருங்க. சொக்கப்பனைக்கு நடுவுல நடுறது பனை, சுத்திக் கட்டுறது காஞ்ச பனையோலை. சாயந்தரம் வீட்டுல அவிக்கிறது ஓலைக் கொழுக்கட்டை: பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பூ, வறுத்த சிறுபயறு, சுக்கு, ஏலம். எல்லாத்தையும் பிசைஞ்சு குருத்தோலைக்குள்ள வச்சு மூடிக் கட்டி அவிக்கணும். ஓலை மணமும் கருப்பட்டி மணமும் சேர்ந்து தெருவே மணக்கும். எங்க ஊர்ல கார்த்திகைன்னா மொதல்ல அந்த வாசந்தான். குமரி மாவட்டத்துக்குப் போனா வயணை இலையில திரளிக் கொழுக்கட்டை அவிப்பாங்க.

மாவளியும் பனைதான். ஆண்பனையோட பூ இருக்குல்ல, காஞ்சதை எடுத்துக் குழியில போட்டு, சாம்பலா ஆகாம கரியாகிற மாதிரி மூட்டம் போடணும். கரியை நுணுக்கித் துணியில சுருட்டி, பனைமட்டைக் கீத்து மூணுக்கு நடுவுல வச்சுக் கட்டி, கயித்துல கோத்து, நெருப்பு வச்சுத் தலைக்கு மேல சுத்தணும். பொறி பறக்கும் பாருங்க, பூமாரி மாதிரி! “மாவளியோ மாவளி”ன்னு கத்திக்கிட்டே சுத்துவோம். எந்தப் பட்டாசும் அதுக்கு ஈடில்ல. அளவா மூட்டம் போடத் தெரிஞ்ச பெரியவங்க இப்ப எங்க தெருவுல ஒருத்தர்தான் மிச்சம். அவர்கிட்ட இந்த வருஷம் என் மகனை உக்கார வச்சிருக்கேன்.

பனையேறுறவங்க குறைஞ்சு போனாங்க. ஓலை வெட்ட ஆள் கிடைக்கல. பனை போனா கார்த்திகையில பாதி போச்சு, இதை நான் சத்தமாவே சொல்லுவேன்.

ஏரிக்கரை எழுதியது:

எங்க பக்கமும் மாவளி உண்டு தம்பி. செய்முறை அச்சு அசல் அப்படியேதான்! நூத்துக்கணக்கான மைல் தள்ளி இருக்கோம்.

புதுத்திரி எழுதியது:

பழஞ்சுவடி ஐயா, ஏரிக்கரை அண்ணன் இருவருக்கும் நன்றி. எனக்குப் பதில் கிடைத்தது. ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. மலைத் தீபத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் என்கிறார்கள். இல்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது அவ்வளவு நெய்யை எரிப்பது சரியா?

ஏரிக்கரை எழுதியது:

இது நானே யோசிச்ச கேள்விதான். காணிக்கையா வர்ற நெய் அது. ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியைத் திரியா வச்சுப் பதினோரு நாள் எரியுது. எரிஞ்சு முடிஞ்சப்புறம் கொப்பரையில இருக்கிற மையை மார்கழித் திருவாதிரை அன்னைக்கு நடராசருக்கு வச்சுட்டு, பக்தருங்களுக்குக் கொடுப்பாங்க. எங்கம்மா அதைச் சின்ன டப்பியில வச்சிருந்து காய்ச்சல் வந்த புள்ளைக்கு நெத்தியில வைக்கும். நெய் கொடுத்தவங்கள்ல பாதிப்பேரு எங்களை மாதிரி மாடு வச்சிருக்கவங்கதான், அதையும் பாக்கணும். தீபத்தன்னைக்கு மலையைச் சுத்துற 14 கிலோமீட்டர்லயும் வழி நெடுக அன்னதானம் நடக்கும். எனக்குத் தப்பாப் படல. உனக்குப் பட்டா அந்தக் காசுக்கு நாலு பேருக்குச் சோறு போடு, அவருக்கு அதுவும் தீபந்தான். அறஞ்செய் திங்கள்னு வாத்தியார் சொன்னாருல்ல.

மல்லிச்சரம் எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பெண்கள் இந்த விளக்கை ஏற்றுவது உடன்பிறந்தவர்களுக்காக. பொரியும் அப்பமும் அடையும் செய்து, அண்ணன் தம்பி பெயர் சொல்லி விளக்கேற்றுவோம். பிறந்த வீட்டிலிருந்து கார்த்திகைச் சீர் வரும், சின்னத் தொகைதான். என் தம்பி போன பிறகும் அவன் பெயருக்கு ஒரு விளக்கு வைக்கிறேன். வைக்கலாமா கூடாதா என்று யாரிடமும் நான் கேட்கவில்லை.

வளவு எழுதியது:

வையுங்கோ அக்கா. கேக்க வேண்டாம்.

பழஞ்சுவடி எழுதியது:

நாலாம்மாடி, மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த ஆறு மீனை அவள் பார்க்கட்டும். தீபத்தன்று முழுநிலா பக்கத்திலேயே இருப்பதால் ஒளியில் கரைந்துவிடும். இரண்டு மூன்று இரவு பொறுத்தால் நிலா தாமதமாக எழும். இருட்டியதும் கிழக்கே சிறு கொத்தாகத் தெரியும். நேராகப் பார்ப்பதைவிடச் சற்று ஓரக்கண்ணால் பார்த்தால் எண்ண வரும்.

நாலாம்மாடி எழுதியது (குப்பைக் கார்த்திகை முடிந்து மூன்றாம் நாள்):

இத்தனை பேருக்குத் தனித்தனியாக எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏரிக்கரை அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஆமா, எங்க அப்பாவும் குப்பை அடிக்கிறதுன்னுதான் சொல்லுவார்” என்று ஆரம்பித்து, இதுவரை என்னிடம் சொல்லாத கதையெல்லாம் சொன்னார். குப்பைமேட்டில்தான் பூசணிக்கொடி தானாக முளைக்குமாம். நான் மறைப்புக்குச் செருகிய பூசணி இலை அங்கிருந்தே வந்தது என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் காய்கறித் தோலை மக்கவைக்கும் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. செடிகளுக்கு அதிலிருந்துதான் உரம். இத்தனை நாள் அதை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறேன். திருக்கார்த்திகைக்கு மறுநாள் சாயங்காலம் அம்மாவை மின்தூக்கியில் கீழே கூட்டிவந்தோம். தொட்டிக்குப் பக்கத்தில், நெருப்புப் படாத தூரத்தில், செங்கல் மேல் மகள் அகலை வைத்தாள். பூசணி இலைக்குப் பதில் அட்டை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் மேலே போய் இன்னொரு விளக்கு எடுத்து வந்தார்.

காலையில் குப்பை எடுக்க வரும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, “யாரு கண்ணு வெச்சது? எங்கூர்லயும் வெப்போம்” என்றார். மகள் பொரி உருண்டை கொடுத்தாள். தரையெல்லாம் கூட்டி முடித்து அவர் போன பிறகு பார்த்தேன், அகலைத் துடைத்து அதே செங்கல் மேல் வைத்திருந்தார்.

நேற்று இரவு மொட்டைமாடிக்குப் போனோம். கிழக்கே அந்தக் கொத்து தெரிந்தது. மகள் எண்ணினாள், ஐந்துதான் வந்தது. நானும் ஐந்துதான் பார்த்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு ஆறு என்றார்.

கருப்பட்டிக்கார அண்ணா, குருத்தோலை இங்கே கிடைக்கவில்லை. வாழையிலையில் கட்டலாமா?

கருப்பட்டிக்காரன் எழுதியது:

இந்த வருஷத்துக்கு வாழையிலை போதும் தங்கச்சி. அடுத்த கார்த்திகைக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்க ஒரு வரி போடுங்க, பஸ்ஸுல ஓலை ஏத்தி விடுறேன்.